தூக்குத் தீர்ப்புக்குப் பிறகு: உயர் நீதிமன்றம் எதைச் சரிபார்க்கிறது?

ஒரு கொடூரமான கொலை வழக்கில் மாவட்ட நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதிக்கிறது. அன்று முழுக்க அதுதான் தலைப்புச் செய்தி. இரண்டு மூன்று வருடம் கழித்து அதே வழக்கில் உயர் நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைக்கிறது. சில வழக்குகளில் விடுதலையே செய்துவிடுகிறது. படிப்பவர்கள் குழம்பிப் போகிறார்கள். தப்பு செய்தது அந்த நீதிபதியா, இந்த நீதிபதியா? நடுவில் பணமோ செல்வாக்கோ புகுந்துவிட்டதா?

இந்தக் கேள்விகள் எழக் காரணம், முதல் நாள் செய்தியில் விட்டுப்போகிற ஒரு வரிதான். மாவட்ட அளவில் உள்ள அமர்வு நீதிமன்றம் விதிக்கிற மரண தண்டனையை, உயர் நீதிமன்றம் உறுதி செய்யாத வரைக்கும் நிறைவேற்ற முடியாது. மற்ற எல்லாத் தண்டனைகளும் தீர்ப்புச் சொன்ன அன்றே நடைமுறைக்கு வந்துவிடும். மரண தண்டனைக்கு மட்டும் சட்டம் ஒரு பூட்டுப் போட்டு, சாவியை உயர் நீதிமன்றத்தின் கையில் கொடுத்திருக்கிறது.

யாருக்கு அதிகாரம்

கொலை போன்ற கடுமையான குற்றங்களை விசாரிப்பது அமர்வு நீதிமன்றம். மகளிர் நீதிமன்றம், போக்சோ நீதிமன்றம் போன்றவற்றில் இருப்பவர்களும் இதே படிநிலையில் உள்ள நீதிபதிகள்தான். சட்டம் அனுமதிக்கிற எந்தத் தண்டனையையும் அவர்கள் விதிக்கலாம். ஆனால் மரண தண்டனை என்றால் அது உயர் நீதிமன்றத்தின் உறுதிப்பாட்டுக்கு உட்பட்டது என்று சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறது.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இந்த ஏற்பாடு 366 முதல் 371 வரையிலான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. அதில் 407 முதல் 412 வரை. எண்கள் மாறினாலும் ஏற்பாடு அப்படியேதான் இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்து 1898ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே முறை உண்டு. ஒரே ஒரு நீதிபதியின் முடிவை நம்பி ஓர் உயிரை எடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அப்போதே இருந்திருக்கிறது.

தடா என்ற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் போன்ற சில சிறப்புச் சட்டங்களில் வழி வேறாக இருந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தடா நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. தடா சட்டப்படி அந்த வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு வராமல் நேராக உச்ச நீதிமன்றம் போனது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்கு மட்டுமே தூக்கை உறுதி செய்தது. மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை. மற்ற 19 பேர் மீதான கொலை, சதிக் குற்றச்சாட்டுகள் நிற்கவில்லை. மேல் நீதிமன்றம் இரண்டாவது முறை பார்க்கிறது என்பதன் கனம் இந்த ஒரு வழக்கிலேயே தெரிகிறது.

மேல்முறையீடு வேறு, உறுதிப்படுத்தல் வேறு

செய்திகள் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

மேல்முறையீடு என்பது தண்டிக்கப்பட்டவர் தானாகப் போடுகிற மனு. மரண தண்டனைக்கு எதிராக மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம் உண்டு. போடுவதும் போடாமல் இருப்பதும் அவர் விருப்பம்.

உறுதிப்படுத்தல் அப்படியல்ல. தூக்கு விதித்த நீதிமன்றமே வழக்கின் மொத்த ஆவணங்களையும் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். கைதி கேட்டாலும் கேட்காவிட்டாலும் அனுப்ப வேண்டும். "எனக்கு மேல்முறையீடு வேண்டாம், தூக்கில் போடுங்கள்" என்று அவர் எழுதிக் கொடுத்தாலும் அனுப்ப வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கு ‘ரெஃபர்டு டிரையல்’ என்று பெயர். வழக்குப் பட்டியலில் ‘ஆர்.டி.’ என்ற எழுத்துகளோடு தனி எண் போடுவார்கள். கைதியும் மேல்முறையீடு செய்திருந்தால் இரண்டையும் சேர்த்து விசாரித்து ஒரே தீர்ப்பாகச் சொல்வார்கள். அதனால்தான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

வேறுபாட்டின் பலன் நீதிபதியின் பொறுப்பில் இருக்கிறது. சாதாரண மேல்முறையீட்டில் விவாதம் பெரும்பாலும் வழக்கறிஞர் எழுப்புகிற குறைகளைச் சுற்றியே நடக்கும். உறுதிப்படுத்தலில் அப்படிச் சுருங்க முடியாது. வழக்கறிஞர் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டிருந்தாலும் நீதிபதிகள் தாங்களாகத் தேடிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சாட்சியையும், ஒவ்வொரு ஆவணத்தையும் புதிதாக எடைபோட்டு, குற்றம் நிரூபணமானதா, தண்டனை சரிதானா என்று சொந்த முடிவுக்கு வர வேண்டும். 1957இல் ஜும்மன் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கீழ் நீதிமன்றத் தீர்ப்பில் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. கிட்டத்தட்ட அந்த வழக்கையே காகிதத்தில் மறுபடியும் விசாரிப்பது போலத்தான் இது.

ஆகவே அமர்வு நீதிமன்றத்தின் தூக்குத் தீர்ப்பை முடிந்துபோன முடிவாகப் பார்ப்பதைவிட, மேல் நீதிமன்றத்துக்கு வைக்கப்பட்ட ஒரு முன்மொழிவாகப் பார்ப்பது உண்மைக்கு நெருக்கமானது.

உயர் நீதிமன்றம் என்னென்ன செய்யலாம்

ஆவணங்கள் வந்த பிறகு, குற்றமா குற்றமற்றவரா என்பதைப் பாதிக்கிற ஏதாவது ஒரு விஷயத்தில் சந்தேகம் இருந்தால், கூடுதல் விசாரணைக்கோ கூடுதல் சாட்சியத்துக்கோ உத்தரவிடலாம். அதைத் தானே செய்யலாம், அமர்வு நீதிமன்றத்தைச் செய்யச் சொல்லவும் செய்யலாம். விசாரணை முடிந்ததும் அதன் முன் நான்கு வழிகள் இருக்கின்றன:

1. தண்டனையை உறுதி செய்யலாம்.

2. குற்றத்தீர்ப்பை வைத்துக்கொண்டு, சட்டம் அனுமதிக்கிற வேறு தண்டனை கொடுக்கலாம். ஆயுளாகக் குறைப்பது இந்த வகை.

3. குற்றத்தீர்ப்பையே ரத்து செய்துவிட்டு, சாட்சியம் எந்தக் குற்றத்தை நிரூபிக்கிறதோ அதற்குத் தண்டிக்கலாம். அல்லது குற்றச்சாட்டைத் திருத்தியோ அப்படியே வைத்தோ மறுவிசாரணைக்கு அனுப்பலாம்.

4. விடுதலை செய்யலாம்.

மேல்முறையீட்டுக்கான கெடு முடியும் முன்பு உறுதி செய்யக் கூடாது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் அது முடியும் வரையிலும் கூடாது.

மூன்றாவது வழியில் இருக்கிற மறுவிசாரணை எவ்வளவு முக்கியம் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வா வழக்கு ஒன்று உண்டு. 2013இல் ஒரு சிறுமி கொல்லப்பட்ட அந்த வழக்கில், குற்றச்சாட்டு பதிவானதிலிருந்து இரண்டு வாரத்துக்குள் விசாரணை முடிந்து தூக்குத் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் நியமிக்கப்பட்ட அதே நாளில் குற்றச்சாட்டும் பதிவாகிவிட்டது. வழக்குக் கட்டைப் பிரித்துப் படிக்கக்கூட அந்த வழக்கறிஞருக்கு நேரம் இல்லை. உயர் நீதிமன்றம் தூக்கை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் 2019இல் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. உயிர் போகக்கூடிய வழக்கில் சட்ட உதவியாக வருகிறவருக்குக் குறைந்தது பத்து வருட அனுபவம் வேண்டும், தயாராகக் குறைந்தது ஏழு நாள் கொடுக்க வேண்டும் என்று விதிகளும் வகுத்தது. கடைசியில் 2024இல் அந்த மனிதர் குற்றமற்றவர் என்று விடுதலையானார். வேகமாக முடித்துவிட்டோம் என்று பாராட்டு வாங்கிய விசாரணை, பதினோரு வருடம் ஒரு மனிதனைச் சிறையில் வைத்ததோடு அந்தச் சிறுமியின் குடும்பத்துக்கும் பதில் இல்லாமல் செய்துவிட்டது.

ஏன் இரண்டு நீதிபதிகள்

உறுதிப்படுத்தும் உத்தரவில் குறைந்தது இரண்டு நீதிபதிகள் கையெழுத்திட வேண்டும். டிவிஷன் பெஞ்ச் என்று சொல்லப்படுகிற இருநீதிபதி அமர்வு இதை விசாரிப்பது இதனால்தான். இருவரும் வேறு வேறு முடிவுக்கு வந்தால் வழக்கு மூன்றாவது நீதிபதியிடம் போகும். அவர் விசாரித்துச் சொல்கிற கருத்தின்படி தீர்ப்பு அமையும். தேவைப்பட்டால் இன்னும் பெரிய அமர்வுக்கும் அனுப்பலாம்.

இந்தக் காலகட்டத்தில் கைதி சிறையில்தான் இருப்பார். ஆனாலும் அவரைத் தூக்குக் கைதி என்று தனியாக அடைத்துவைக்க முடியாது. எல்லா நீதிமன்றங்களும் கருணை மனுவும் முடிந்து தண்டனை இறுதியான பிறகுதான் ஒருவர் மரண தண்டனைக் கைதி ஆகிறார் என்று 1978இல் சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அரிதினும் அரிது: இந்தச் சொல் எங்கிருந்து வந்தது

குற்றம் நிரூபணமாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறமும் தூக்கு தானாக வந்துவிடாது. இங்கேதான் பெரும்பாலான தண்டனைகள் குறைகின்றன.

ஒரு காலத்தில் விதி தலைகீழாக இருந்தது. கொலைக்குத் தூக்குதான் வழக்கமான தண்டனை, ஆயுள் கொடுப்பதென்றால்தான் நீதிபதி காரணம் எழுத வேண்டும். 1955இல் அந்தக் கட்டாயம் நீங்கியது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் முழுவதுமாக மாற்றி எழுதியது: ஆயுள்தான் வழக்கம், தூக்கு கொடுப்பதென்றால் சிறப்புக் காரணங்களை எழுத வேண்டும். புதிய சன்ஹிதாவின் 393ஆம் பிரிவும் இதையே சொல்கிறது.

சிறப்புக் காரணம் என்றால் என்ன? 1980இல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு இதற்கு விடை சொன்னது. மரண தண்டனை அரசியல் சாசனத்துக்கு எதிரானது அல்ல என்று நான்கு பேர் சொன்னார்கள், நீதிபதி பகவதி மட்டும் மறுத்தார். அதே சமயம், அரிதினும் அரிதான வழக்கில், வேறு எந்தத் தண்டனைக்கும் வழியே இல்லை என்ற நிலையில் மட்டும்தான் அதை விதிக்கலாம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு எல்லை கட்டியது.

அந்தத் தீர்ப்பின் உயிரான பகுதி இதுதான்: குற்றத்தை மட்டும் பார்க்காதே, குற்றவாளியையும் பார். வயது என்ன, வறுமையா, மனநிலை எப்படி, முன்பு குற்றம் செய்தவரா, திருந்துவாரா, திருந்தவே மாட்டார் என்று அரசுத் தரப்பு காட்டியிருக்கிறதா? நடைமுறையில் இந்தக் கேள்விகள் பல வருடம் புறக்கணிக்கப்பட்டன. 1983இல் மச்சி சிங் வழக்குத் தீர்ப்பு கொலை செய்த விதம், நோக்கம், சமூகத்தைப் பாதிக்கும் தன்மை, குற்றத்தின் அளவு, கொல்லப்பட்டவர் யார் என்று ஐந்து தலைப்புகளைக் கொடுத்தது. ஐந்துமே குற்றத்தைப் பற்றியவை. பல நீதிமன்றங்கள் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்த்துவிட்டுத் தூக்கு எழுதின. குற்றவாளியைப் பற்றிய பக்கம் வெறுமையாகவே இருந்தது.

இதைச் சரிசெய்யத்தான் 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவான கட்டளைகள் பிறப்பித்தது. குற்றவாளியின் குடும்பப் பின்னணி, படிப்பு, வருமானம், மனநலம் பற்றிய விவரங்களை விசாரணை நிலையிலேயே திரட்ட வேண்டும். மனநல மதிப்பீடு வேண்டும். சிறையில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்ற அறிக்கை வேண்டும். இவை எதுவும் இல்லாமல் கீழிருந்து வருகிற தூக்குத் தீர்ப்பு, மேலே போகும்போது நிற்பது கடினம்.

மேல் நீதிமன்றங்களிடம் மட்டும் இருக்கும் இன்னொரு வழி

தண்டனைக் குறைப்புக்கு இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

ஒரு கொலை வழக்கில் அமர்வு நீதிபதியின் முன்னால் இருப்பவை இரண்டே தண்டனைகள்: தூக்கு அல்லது ஆயுள். ஆயுள் என்றால் சாகும் வரை சிறை என்பதுதான் சட்டப் பொருள். ஆனால் 14 வருடம் கழித்து அரசு நினைத்தால் தண்டனைக் கழிவு கொடுத்து விடுவிக்கலாம். குழந்தையைக் கொன்றவன் 14 வருடத்தில் வெளியே வந்துவிடுவானோ என்ற நினைப்பு நீதிபதியைத் தூக்கின் பக்கம் தள்ளுகிறது.

உயர் நீதிமன்றத்திடமும் உச்ச நீதிமன்றத்திடமும் இந்த இரண்டு தண்டனைகளுக்கு நடுவில் இன்னொரு வழி உண்டு. 20, 25, 30 வருடம் தண்டனைக் கழிவே இல்லாமல் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு ஆயுள் தண்டனை விதிக்கலாம். 2008இல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் இது உருவானது. 2015இல் முருகன் என்கிற ஸ்ரீஹரன் வழக்கில் அரசியல் சாசன அமர்வு இதை உறுதிப்படுத்தி, இந்த அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே என்று வரையறுத்தது. ஆகவே உயர் நீதிமன்றம் தூக்கைக் குறைக்கும்போது பெரும்பாலும் கீழ் நீதிபதியின் கையில் இல்லாத ஒரு கருவியைத்தான் பயன்படுத்துகிறது. அதை இரக்கம் என்றோ தளர்வு என்றோ படிப்பது தவறு. 25 வருடம் தண்டனைக் கழிவு இல்லாத சிறை சாதாரண விஷயம் இல்லை.

தமிழ்நாட்டின் நான்கு வழக்குகள்

உடுமலைப்பேட்டை. 2016 மார்ச்சில் பட்டப்பகலில் நடந்த சாதி ஆணவக் கொலை. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம், பெண்ணின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், தந்தைக்கு எதிரான சதிக் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று அவரை விடுவித்தது. மற்ற ஐந்து பேருக்கு 25 வருடம் கழிவு இல்லாத ஆயுள். ஒரே தீர்ப்பில் விடுதலை, தண்டனைக் குறைப்பு என்று இரண்டு வழிகளும் வந்த வழக்கு இது. சாதி ஒழிய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அந்த விடுதலை பெரிய வலி. அந்த வலி நியாயமானது. ஆனால் சதி என்பது சாட்சியத்தால் நிரூபிக்கப்பட வேண்டிய ஒன்று. அந்தச் சாட்சியம் போதுமா என்பதில் கீழ் நீதிமன்றமும் மேல் நீதிமன்றமும் வேறுபட்டன. விவாதம் நடக்க வேண்டிய இடம் அதுதான்.

தருமபுரி. 2000 பிப்ரவரி 2 அன்று பேருந்துக்குத் தீவைத்ததில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் இறந்தார்கள். 2007இல் சேலம் நீதிமன்றம் மூன்று பேருக்குத் தூக்கு விதித்தது. அதே ஆண்டு உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2010இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. எல்லாம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்த பிறகு, 2016இல் சீராய்வு மனுவில் அதே உச்ச நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. கும்பல் வெறியில் நடந்தது, அந்த மாணவிகளைக் கொல்ல வேண்டும் என்ற திட்டம் இல்லை என்பது காரணம். 2018 நவம்பரில் மூவரும் முன்கூட்டியே விடுதலை ஆனார்கள். கழிவு இல்லாத ஆயுள் தண்டனைக்கும் சாதாரண ஆயுள் தண்டனைக்கும் உள்ள தூரம் இந்த விடுதலையில் தெரிகிறது.

கடலூர் மாவட்டம். 2009இல் பணத்துக்காக ஏழு வயதுச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்டான். 2010 ஜூலையில் தூக்கு. இரண்டே மாதத்தில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2013இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2023 மார்ச்சில் சீராய்வின்போது, குற்றவாளியின் பின்னணியை எந்த நீதிமன்றமும் சரியாகப் பார்க்கவில்லை என்று கண்டு, 20 வருடம் கழிவு இல்லாத ஆயுளாக மாற்றினார்கள். குற்றத்தீர்ப்பு மாறவில்லை. இன்னொன்றும் சொன்னார்கள்: கொல்லப்பட்டவன் அந்தக் குடும்பத்தின் ஒரே ஆண் வாரிசு என்பதை 2013 தீர்ப்பு குற்றத்தின் கடுமைக்கு ஒரு காரணமாக எடுத்துக்கொண்டிருந்தது. அது தவறு, ஆண் பிள்ளையோ பெண் பிள்ளையோ எந்தக் குழந்தையின் உயிரும் ஒன்றுதான் என்ற நிலையை நீதிமன்றம் எடுத்தது. சரியான திருத்தம் அது.

சென்னைப் புறநகர். 2017இல் நடந்த சிறுமி கொலை. செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தூக்கு விதித்தது, ஜூலையில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் குற்றத்தீர்ப்பையே ரத்து செய்து விடுதலை செய்தது. சூழ்நிலைச் சாட்சியங்கள் ஒரு சங்கிலியாக இணையவில்லை, குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தற்காத்துக்கொள்ளப் போதிய வாய்ப்புக் கொடுக்கப்படவில்லை என்பவை காரணங்கள். உறுதிப்படுத்தல் என்ற சல்லடை சரியாக வேலை செய்யாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இது உதாரணம். ஐந்து மாதத்துக்குள் முடிந்துபோன அந்த உறுதிப்படுத்தலில் பார்க்காமல் விட்டது, ஏழு வருடம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு இதைவிடக் கொடுமை இருக்க முடியாது.

இவை தனித்தனி விதிவிலக்குகள் அல்ல. 2000 முதல் 2015 வரை நாட்டின் விசாரணை நீதிமன்றங்கள் தூக்கு விதித்தவர்களில், கடைசி வரை அந்தத் தண்டனை நிலைத்தது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு என்று தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மற்றவர்களில் பெரும்பகுதியினருக்குத் தண்டனை குறைந்தது. கணிசமானவர்கள் விடுதலையே ஆனார்கள்.

உச்ச நீதிமன்றத்தில்

உயர் நீதிமன்றம் உறுதி செய்தபின் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வது எல்லோருக்கும் தானாகக் கிடைக்கிற உரிமை இல்லை. கீழே விடுதலையான ஒருவருக்கு உயர் நீதிமன்றம் முதல் முறையாகத் தூக்கு விதித்தால், அரசியல் சாசனத்தின் 134ஆம் பிரிவின்படி அவருக்கு அந்த உரிமை உண்டு. அமர்வு நீதிமன்றத் தூக்கை உயர் நீதிமன்றம் உறுதி செய்த வழக்குகள் பெரும்பாலும் 136ஆம் பிரிவின்கீழ் சிறப்பு அனுமதி மனுவாகத்தான் போகின்றன.

2014இல் முகமது ஆரிஃப் வழக்கில் ஒரு முக்கியமான மாற்றம் வந்தது. மரண தண்டனை வழக்குகளைக் குறைந்தது மூன்று நீதிபதிகள் விசாரிக்க வேண்டும், சீராய்வு மனுவைத் திறந்த நீதிமன்றத்தில் வாய்மொழி வாதத்தோடு கேட்க வேண்டும் என்று தீர்ப்பானது. அதுவரை சீராய்வு மனுக்களை நீதிபதிகள் தங்கள் அறையில் படித்தே முடித்துவிடுவார்கள். தருமபுரி, கடலூர் வழக்குகளில் தண்டனை குறைந்தது இந்தக் கதவு திறந்த பிறகுதான். சீராய்வும் தோற்றால் மறுசீராய்வு மனு உண்டு. அது வெற்றி பெறுவது மிக அபூர்வம்.

கருணை மனுவும் தேதி குறிப்பதும்

நீதிமன்றங்கள் முடிந்த பிறகு ஆளுநரிடமும் குடியரசுத் தலைவரிடமும் கருணை மனு. புதிய சன்ஹிதாவின் 472ஆம் பிரிவு இதற்கு முதல் முறையாகக் காலக்கெடு வைத்திருக்கிறது. மேல்முறையீடு முடிந்த செய்தியைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்ததிலிருந்து 30 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். முதலில் ஆளுநரிடம் போய் நிராகரிக்கப்பட்டால், அதிலிருந்து 60 நாளுக்குள் குடியரசுத் தலைவரிடம்.

கருணை மனுவைக் கிடப்பில் போட்டால் அதுவே தண்டனைக் குறைப்புக்குக் காரணம் ஆகிவிடும். இந்தச் சிந்தனையில் தமிழ்நாட்டு வழக்குகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1983இல் வைத்தீஸ்வரன் வழக்கில், தூக்கு விதித்து இரண்டு வருடம் தாண்டினாலே அதைக் குறைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த இரண்டு வருடக் கணக்கை அதன்பின் வந்த தீர்ப்புகள் ஏற்கவில்லை. 1989இல் திரிவேணிபென் வழக்கு, நாள் கணக்கு கிடையாது, ஆனால் நீதிமன்றம் முடிந்தபின் அரசு செய்கிற காரணமற்ற தாமதத்தைப் பார்க்கலாம் என்று நிலைநிறுத்தியது. 2014 ஜனவரியில் சத்ருகன் சவுகான் வழக்கில் இந்த வழியில் 15 பேருக்குத் தண்டனை குறைந்தது. அடுத்த மாதமே ராஜீவ் கொலை வழக்கில் அப்போது தூக்குத் தண்டனையில் இருந்த மூவருக்கும் அது ஆயுளாக மாறியது. 2000இல் அவர்கள் கொடுத்த மனு நிராகரிக்கப்பட்டது 2011இல்.

கருணை மனு தள்ளுபடியான செய்தியைக் கைதிக்குத் தெரிவித்து, அதன்பின் 14 நாள் கழித்துத்தான் தண்டனையை நிறைவேற்றலாம் என்பதும் அந்த ஜனவரி தீர்ப்பு சொன்னதுதான். தேதி குறிக்கிற மரண வாரண்டைப் பிறப்பிப்பது அமர்வு நீதிமன்றம். அதையும் கைதிக்குத் தெரியாமல் செய்யக் கூடாது. 2015இல் உத்தரப் பிரதேசத்தில் ஒரு நீதிமன்றம், மேல்முறையீடு தள்ளுபடியான ஒரு வாரத்துக்குள் வாரண்ட் எழுதியது. சீராய்வுக்கும் கருணைக்கும் வழி இருக்கும்போது இது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

இன்னும் முடியாத கேள்வி: எத்தனை நாள் இடைவெளி?

குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு, தண்டனை பற்றித் தனியாக அவரைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். சன்ஹிதாவில் அது 258ஆம் பிரிவு. ஆனால் எத்தனை நாள் கழித்துக் கேட்க வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. காலையில் குற்றவாளி என்று தீர்ப்பு, மதியம் தூக்கு என்று முடிந்த வழக்குகள் பல உண்டு. ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதையும் பற்றிய விவரங்களைச் சாப்பாட்டு இடைவேளைக்குள் யாராலும் திரட்ட முடியாது. "ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?" என்று நீதிபதி கேட்பார். அதிர்ச்சியில் நிற்கிறவர் "நான் செய்யலீங்க" என்பார், அல்லது வயதான அம்மா இருக்கிறார் என்பார். தண்டனை விசாரணை என்று பதிவேட்டில் இருப்பது பல சமயம் அந்த இரண்டு வரி மட்டும்தான். உறுதிப்படுத்தலுக்கு மேலே போவதும் அதே இரண்டு வரிதான்.

அதே நாளில் தண்டனை சொல்லலாம் என்று சில தீர்ப்புகள், கூடாது என்று சில தீர்ப்புகள். இந்த முரணைத் தீர்க்க, 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் இதை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பினார்கள். குற்றத்தின் கொடூரம் விசாரணையின்போதே பதிவாகிவிடுகிறது, குற்றவாளிக்குச் சாதகமான விவரங்களோ தீர்ப்புக்குப் பிறகுதான் முன்வைக்கப்படுகின்றன, அதனால் தொடக்கத்திலிருந்தே தராசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். சென்னைப் புறநகர் வழக்கிலும் குற்றத்தீர்ப்பும் தூக்கும் ஒரே நாளில்தான் வந்தன.